பழைய வீட்டுக்கும் புதிய வீட்டுக்கும் நடுவே நின்ற யாகப்பனாருக்கு

அளவில் அறம் பிறழாத அண்ணலே! வரி கேட்கும் வாயோடு வருத்தம் கேட்கும் செவியும் வாய்த்த பெரியீர்! முப்பத்து நான்கு ஆண்டுகளாக இந்நகரின் தெருக்களை மிதிவண்டியால் அளந்து, அதன் மக்களை மனத்தால் அறிந்த எங்கள் வருவாய் ஆய்வாளர் திரு. யாகப்பன் அவர்களே!

1966ஆம் ஆண்டு ஜூன் முப்பதாம் நாளாகிய இன்று, தாங்கள் பணி நிறைவு பெற்று விடைகொள்ளும் இவ்வேளையில், நகராட்சி வருவாய்ப் பிரிவு ஊழியர்களாகிய நாங்கள் அன்பும் வணக்கமும் கூறி இம்மடலைத் தங்கள் முன் படைக்கின்றோம். எழுதும் பொறுப்பு எழுத்தர் சென்னிமலையாகிய என்னிடம் விடப்பட்டது. பண்புகளை அடுக்கி, பாங்காக முடித்து, கண்ணாடிச் சட்டத்துள் அடைத்துவிடலாம் என்றுதான் அமர்ந்தேன். அமைதியாக எழுத வரவில்லை. தங்களைப் புகழ்ந்து எழுதும் இந்தத் தாளுக்கு முன், தங்களைப் பழித்து நாங்களே எழுதிய தாள் ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் இதைப் படித்தால் தங்களுக்கு ஒரு குறையும் இல்லை. எங்களால்தான் தலைநிமிர்ந்து நிற்க இயலாது.

சேந்தமங்கலத்தில் பிறந்து, சேலத்தில் பாதிரிமார் நடத்திய பள்ளியில் பயின்று, 1932இல் பில் கலெக்டராக இங்கு வந்தீர்கள். உலை கொதிக்கும் நேரத்தில் வரி கேட்டு எவர் வாசலிலும் நிற்பதில்லை என்பது தாங்கள் தங்களுக்கே இட்டுக்கொண்ட சட்டம். எழுத்தறியாதவர்க்கு நோட்டீசைப் படித்துக் காட்டி, அதில் பிழை இருந்தால், தாங்கள் கொடுத்த நோட்டீசை எதிர்த்துத் தாங்களே மனு எழுதிக் கொடுத்த விந்தை இந்நகரில் தங்களால் மட்டுமே நிகழ்ந்தது. மேலதிகாரிகள் கடிந்தனர், மக்கள் வியந்தனர், தாங்கள் இரண்டுக்கும் செவிகொடாமல் அடுத்த தெருவுக்குப் போய்விட்டீர்கள்.

பெருந்தகையீர்! ஐந்தாண்டுக்கு ஒருமுறை வரும் வீட்டுவரி மறுமதிப்பு 1961இல் வந்தது. நோட்டீசுகள் போன மறுவாரம், கரட்டடிப் புதுக்குடியிருப்பில் வீடு கட்டிய லாரி ஓட்டுநர் மணியன் அலுவலகத்துக்கு வந்தார். சங்ககிரிக்காரர். கூட்டுறவுக் கடனில் இரண்டு அறை எழுப்பிக் குடிபுகுந்து ஓராண்டுகூட ஆகாதவர். அதற்கு முன் மேலராஜவீதியில் வாடகைக்கு இருந்தவர். கையில் நோட்டீசோடு மேசை முன் நின்று, கோபமில்லாமல் கேட்டார்.

"ஏனுங்க சாமி, நாங் குடியிருந்த பழைய ஊடும் இதே நீளம், இதே அகலந்தானுங்க. அதுக்கு வரி ஒரு பங்குன்னா எனக்கு அஞ்சு பங்கு போட்டிருக்கறீங்க. பிந்தி வந்ததுதான் நாஞ் செஞ்ச குத்தமுங்களா?"

விதிப்படி அவருக்குப் பதில் இருந்தது. அதை நான்தான் சொன்னேன். பழைய தெரு வீடுகளுக்கு முப்பதுகளில் இருந்த வாடகையைக் கொண்டு மதிப்புப் போட்டார்கள்; ஒவ்வொரு மறுமதிப்பிலும் அதன்மேல் சிறிது கூட்டினார்கள், அவ்வளவே. புது வீட்டுக்கோ இன்றைய வாடகையைக் கொண்டு மதிப்பு. ஆகவே ஒரே அளவு வீடுகள் இரண்டு வேறு காலங்களில் நின்று வரி கட்டின. மணியன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அது கணக்குத்தானே, பதில் இல்லையே என்று சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் அடுத்த கோப்பை எடுத்தோம். தாங்கள் எடுக்கவில்லை. மறுநாள் காலையில் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு கிளம்பினீர்கள்.

முதலில் அளந்தது தங்கள் வீட்டை. மாதா கோயிலுக்குப் பின்புறம், தங்கள் துணைவியார் ஜெபமலர் அம்மையாரின் தாய்வீட்டுச் சொத்தாக வந்த பழைய வீடு அது. புதிய முறை வந்தால் தங்கள் வரியும் நான்கு மடங்காகும் என்பதை அம்மையாரிடம் முன்னரே சொல்லிவிட்டீர்களாம். நாடாவின் மறுமுனையைப் பிடித்தவர் அவரே. உடன் வந்த பில் கலெக்டர் குமாரசாமி இன்றும் அவர் சொன்னதைச் சொல்லி வியப்பார்: "அளக்கறதுன்னா ஒழுங்கா அளங்க. பின்னாடி கொட்டாயி இருக்குது, அதையும் சேர்த்துக்குங்க."

ஏழு வாரங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளை அளந்து அறிக்கை எழுதினீர்கள். கட்டிய ஆண்டு எதுவாயினும், ஒத்த வீட்டுக்கு ஒத்த வரி என்பதே அதன் சாரம்.

ஊர் கலங்கியது. மேலராஜவீதி வணிகர்கள் நகர்மன்ற உறுப்பினர்களைத் தேடிப் போனார்கள். உறுப்பினர்களில் பாதிப்பேர் அந்த வீதிக்காரர்களே. ஆனால் தங்களைக் குத்திய முதல் முள் வெளியிலிருந்து வந்ததன்று. தங்களைத் தவிர நம் பிரிவில் அன்று பதினோரு பேர். எங்களில் எழுவர்க்குப் பழைய தெருக்களில் சொந்த வீடு. என் தகப்பனார் வீடு மேலராஜவீதியில் ஏழாம் கதவு எண். நாங்கள் ஒரு மனு எழுதினோம். தங்கள் துணைவியாரின் உறவினர்கள் கரட்டடியில் மனை வாங்கியிருக்கிறார்கள், அதனால் புது வீட்டுக்காரர்களுக்காகத் தாங்கள் ஒருசார்பாக நடக்கிறீர்கள் என்று எழுதினோம். அப்படி யாரும் மனை வாங்கவில்லை. யாரோ சொன்னதை எவரும் விசாரிக்காமல், என் நல்ல கையெழுத்தில் நானே எழுதினேன். பதினோரு பேரும் ஒப்பமிட்டோம்.

அன்றைய கமிஷனர் வம்பு வேண்டாம் என்று தங்களைப் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவுக்கு மாற்றினார். எட்டு மாதங்கள் அங்கே இருந்தீர்கள். அந்த எட்டு மாதத்துக்குள் வருவாய் அலுவலர் பதவி காலியாகி வேறொருவருக்குப் போயிற்று. அது பின்னர் தங்களைத் தேடி வரவே இல்லை. ஆய்வாளராகவே இன்று விடைபெறுகிறீர்கள். அந்தப் பதவி இழப்பில் எங்கள் பதினோரு ஒப்பங்களுக்கும் பங்குண்டு.

அந்நாளில் என் மகள் பிறந்தாள். பதிவு செய்யத் தங்கள் மேசைக்கே வரவேண்டியிருந்தது. பெயரை அழகாக எழுதி, குழந்தையின் நலம் கேட்டு, தாயின் நலம் கேட்டு, சான்றை மடித்துக் கொடுத்தீர்கள். வாங்கிக்கொண்டு போக என்னால் முடியவில்லை. மனுவில் நானும் கையெழுத்திட்டேன் என்றேன். தெரியும் என்றீர்கள். பிறகு தாங்கள் சொன்னதை ஓர் எழுத்து மாறாமல் இங்கே எழுதுகிறேன்.

"கையெழுத்துப் போட்டது தப்பில்லீங்க சென்னிமலை. எங்க ஊட்டு வரி ஏறுது, எங்களால தாங்க முடியாதுன்னு எழுதியிருந்தீங்கன்னா அது நாயமான மனுங்க. நானும் உக்காந்து பதில் சொல்லியிருப்பேன். அத மறைச்சிட்டு ஊட்டுக்காரியோட சனத்தை இழுத்தீங்களே, அதுக்கு நான் என்ன பதில் சொல்லட்டும்?"

அன்று முதல் அந்தக் கேள்வி என்னை உட்கார விடவில்லை. எங்களுள் பலரையும் விடவில்லை.

அடுத்து வந்த கமிஷனர் தங்கள் அறிக்கையைப் படித்துத் தங்களை மீண்டும் வருவாய்ப் பிரிவுக்கு அழைத்தார். வென்றுவிட்டீர்கள் என்று நாங்கள் நினைத்த அந்த வாரத்திலேயே மேலராஜவீதி கண்ணாத்தாள் அம்மாள் வந்தார். கணவரை இழந்தவர்; மக்கள் வேற்றூரில். ஒன்பது அறை வீடு. நான்கில் ஓடு சரிந்து வானம் தெரியும். தங்கள் புதிய அளவுப்படி வரி நான்கு மடங்காகும்.

"பெரிய ஊடுன்னு எழுதியிருக்கறீங்க, நெசந்தானுங்க. நா ஒத்த அறையிலதான் கெடக்கறேன். பூட்டிக் கெடக்கற அறைக்கெல்லாம் வரி கட்டோணும்னா, ஊட்ட வித்துப்போட்டு எங்க போறதுங்க சாமி?"

எங்களில் சிலர் உள்ளூர மகிழ்ந்தோம். தங்கள் அறிக்கை அங்கேயே இற்றுவிட்டது என்று எண்ணினோம். தாங்கள் அதைக் காக்கவும் இல்லை, கைவிடவும் இல்லை. பத்து நாட்கள் இருப்புக் கொள்ளாமல் அலைந்தீர்கள். அந்த அம்மாளின் வீட்டுக்கு மும்முறை போய் அறை அறையாகப் பார்த்தீர்கள். அங்கிருந்து நேரே கரட்டடிக்குப் போய் மணியன் வீட்டு வாசலில் நின்றீர்கள். கொண்டுவந்த சாப்பாட்டைத் திறக்காமலே திருப்பிக் கொண்டுபோனீர்கள். மணியன் கேட்டதும் நியாயம், கண்ணாத்தாள் கேட்டதும் நியாயம், ஒருவருக்கு மட்டும் பதில் சொல்லும் அறிக்கை பாதி அறிக்கைதான் என்று எங்களிடம் சொல்லிவிட்டு, முழுவதையும் புதிதாக எழுத உட்கார்ந்தீர்கள்.

எல்லா வீட்டுக்கும் ஒரே அளவு, அதில் மாற்றமில்லை. ஆனால் பழைய வீட்டின் உயர்வு ஒரே அடியாக அன்றி மூன்று ஆண்டுகளில் மூன்று படிகளாக ஏறும். புது வீட்டின் மிகைவரி அந்த ஆண்டே குறையும். உரியவர் தாமே குடியிருந்து, சிதைந்த அறைகளைப் பயன்படுத்த இயலாமல் இருந்தால் அவற்றுக்குத் தள்ளுபடி. வாடகைக்கு விட்ட பகுதிக்கும் கடை வைத்த பகுதிக்கும் அந்தச் சலுகை கிடையாது. விதவையின் முந்தானைக்குள் வணிகர்கள் ஒளிந்துகொள்ள வழியில்லாமல் அந்தக் கடைசி விதியை எழுதினீர்கள். அவர்களுக்கு அதுவே பெருங்கோபம்.

1962இல் நகர்மன்றத்தில் வாக்கெடுப்பு நடந்தது. பதின்மூன்றுக்குப் பதினொன்று என்று தீர்மானம் நிறைவேறியது. ஆனால் மூன்றாம் படியை வெட்டிவிட்டுத்தான் நிறைவேற்றினார்கள். பழைய வீடுகள் இரண்டு படி ஏறி நின்றுவிட்டன. கண்ணாத்தாள் அம்மாள் வீட்டை விற்கவில்லை; தம் அறையிலேயே இருக்கிறார். மணியனின் வரி ஐந்து பங்கிலிருந்து நான்காகக் குறைந்தது; ஆனால் மூன்று பங்கிலேயே நின்ற பழைய வீடுகளோடு சமமாகவில்லை. மேலராஜவீதியில் தங்களைக் கண்டால் பேச்சு நின்றது. கரட்டடியிலோ, யாகப்பன் பழைய தெருவுக்கு விலைபோய்விட்டார் என்றார்கள். இருபுறமும் வசை வாங்கிய தாங்கள் யாரிடமும் விளக்கம் சொல்லவில்லை.

ஐயனே! இதோடு கதை முடிந்திருந்தால் இம்மடல் இனிதே முடிந்திருக்கும். வரும் அக்டோபரில் அடுத்த மறுமதிப்பு. கரட்டடிக்கும் அப்பால் ஏரிக்கரையில் இப்போது புதிய வீடுகள் எழுந்துள்ளன. சென்ற மாதம் மணியன் மறுபடியும் வந்தார். தம் வீடு கட்டி ஆறாண்டு ஆகிவிட்டது, பழைய மதிப்பிலேயே விட்டுவிட வேண்டும், ஏரிக்கரை வீடுகளின் மதிப்போடு சேர்த்து ஏற்றக் கூடாது என்று கேட்டார். தம் வீடும் இப்போது பழைய வீடுதான் என்றார். நாங்கள் சிரித்துவிட்டோம். தாங்கள் சிரிக்கவில்லை. அவரை உட்காரச் சொல்லி, ஏரிக்கரைக்காரர்கள் கொடுத்திருந்த மனுக்களை எடுத்து அவர்முன் வைத்தீர்கள்.

"அன்னிக்கு நீங்க கேட்டது நாயந்தானுங்க மணியன். அதே நாயத்தைத்தான் இவங்க கேக்கறாங்க. இவங்களுக்கு என்ன சொல்லலாம்னு நீங்களே சொல்லுங்க, நான் எழுதிக்கறேன்."

மணியன் அந்த மனுக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வந்து அளந்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் மகிழ்ந்து போகவில்லை. ஆனால் சினந்தும் போகவில்லை.

ஆன்றோரே! விட்டுப்போன மூன்றாம் படியை மீண்டும் சேர்க்கக் கோரித் தாங்கள் எழுதிய கடைசிக் குறிப்பு கமிஷனர் மேசையில் இருக்கிறது. பழைய மதிப்பே தொடரவேண்டும் என்னும் மனுவோடு வணிகர்களும் நேற்று எங்களிடம் வந்துவிட்டார்கள். ஊழியர்களும் அதில் ஒப்பமிட்டால் வலுவாக இருக்கும் என்கிறார்கள். நான் ஒப்பமிடவில்லை; இன்னும் முடிவு செய்யாதவர்களும் எங்களுள் உண்டு. தங்களை மனநிறைவோடு வழியனுப்புகிறோம் என்று எழுதினால் அது பொய்யாகும். பாதியில் நிற்கும் வேலையை எங்கள் கையில் வைத்துவிட்டுத் தாங்கள் படியிறங்குகிறீர்கள். அதன் பாரம் இப்போதே தெரிகிறது. ஐந்தாண்டுகளுக்கு முன் எழுதிய மனுவுக்காக இந்த அவையோர் அறிய மன்னிப்புக் கேட்கிறோம். பதவி உயர்வை எங்களால் திருப்பித்தர இயலாது.

தாங்களும் ஜெபமலர் அம்மையாரும் நோயின்றி, குறையின்றி, நூறாண்டு நிறைந்து, மக்களும் பேரர்களும் சூழ மகிழ்ந்து வாழ, அவரவர் வணங்கும் தெய்வத்தை அவரவர் முறையில் வேண்டுகின்றோம். ஊரார் தங்களைப் புரிந்துகொள்ளும் நாள் தங்கள் கண்முன்னே வரட்டும்.

நாளைக் காலை எட்டு மணிக்கு மேலராஜவீதியில் மறுமதிப்புக்கான அளவு தொடங்குகிறது. எங்களில் எத்தனை பேர் வருவோம் என்று இன்று எழுத எனக்குத் துணிவில்லை. நான் வருவேன்.

இங்ஙனம்,
தங்களால் திருந்தியவர்களும், இன்னும் திருந்த வேண்டியவர்களுமான
வருவாய்ப் பிரிவு ஊழியர்கள்
30-6-1966