சோத்துக்கைப் பக்கம் பச்சை

பொழுது சாய்கிற நேரம். மஃரிப் பாங்கு இன்னும் சொல்லவில்லை. கோல சிலாங்கூரில் ஆற்றை ஒட்டி ஒரு மண் சாலை போகும். ஒரு பக்கம் தென்னை, மறுபக்கம் அலையாத்திக் காடு. அந்தச் சாலையில் பாலன் தனியாகச் சைக்கிள் மிதித்துக்கொண்டு வேலைக்குப் போகிறான். பின்னால் கட்டியிருக்கும் மண்ணெண்ணெய் டின் ‘களக்... களக்...’ என்று குலுங்குகிறது. வேறு சத்தமே இல்லை.

பாலன் யார் என்கிறீர்களா? செரண்டாவில் பேக்டரி வேன் ஓட்டுகிற நம் உமாபதிக்கு அக்காள் புருஷன். எண்பத்து நான்கில் அவனுக்கு நடந்தது இது. உமாபதிதான் என்னிடம் சொன்னான். சொல்லி முடிக்கிறவரை அவன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. பயந்தவர்கள் இப்போதே எழுந்து வீட்டுக்குப் போகலாம். ஆனால் இருட்டில் தனியாகத்தான் போக வேண்டும்... என்ன, ஒருவரும் எழக் காணோம்? சரி, நெருங்கி உட்காருங்கள்.

அப்போது ஆற்று வாயில் சேறு வாருவதற்கு ஒரு பெரிய இரும்பு மிதவையை நிறுத்தியிருந்தார்கள். மண்ணுக் கப்பல் என்பார்கள் நம் ஆட்கள். பகலில் வேலை நடக்கும். இரவில் ஒரே ஒரு ஆள்தான், விளக்குக்காரன். மிதவையின் ஒரு பக்கம் இரும்புக் குழாயும் தண்ணீரோடு தண்ணீராக முறுக்கி இழுத்த கம்பி வடமும் கிடக்கும். அந்தப் பக்கம் வருகிற படகைக் கிழித்துப் போட்டுவிடும். மறுபக்கம் நல்ல ஆழம். சட்டம் சுலபம்தான். தடை இருக்கும் பக்கம் மேலும் கீழுமாக இரண்டு சிவப்பு விளக்கு. வழி இருக்கும் பக்கம் அதே மாதிரி இரண்டு பச்சை. இருட்டில் வருகிற படகுக்காரனுக்கு மிதவை தெரியாது, விளக்குதான் தெரியும். பச்சையைக் கண்டால் கண்ணை மூடிக்கொண்டு வந்துவிடுவான்.

பாலனுக்கு முன் அங்கே விளக்குக் கட்டியவர் சன்னாசி. தனிக்கட்டை. ரப்பர் ஷீட் மிஷினில் வலது கையை மணிக்கட்டோடு கொடுத்தவர். ஒற்றைக் கை ஆளுக்கு எஸ்டேட்டில் என்ன வேலை? வேலையாட்களை மேய்க்கிற மண்டோர் சின்னையா இரக்கப்பட்டு இங்கே சேர்த்துவிட்டார். முதல் நாள் மேல்தளத்தில் நிற்க வைத்துப் பாடம் சொன்னார்.

“கடலப் பாத்து நில்லுண்ணே. சோத்துக்கைப் பக்கம் பச்ச. மத்த பக்கம் செவப்பு. அவ்ளோதான் லா.”

சன்னாசி தலையாட்டினார். தான் சோறு தின்கிற கைப் பக்கம் பச்சையைக் கட்டினார். அந்தக் கை... இடது கை.

அன்றிரவே ஒரு மீன் படகு பச்சையை நம்பி வந்தது. தகப்பனும் மகனும். இரண்டு பேரும் கரை சேரவில்லை. மறுநாள் சின்னையா தலையில் அடித்துக்கொண்டு, “ஏண்ணே, ஒனக்கு எதுண்ணே சோத்துக்கை?” என்று கத்தினார். சன்னாசி விளங்காமல் இடது கையைத் தூக்கிக் காட்டினார். சுற்றி நின்றவர்கள் யாரும் சிரிக்கவில்லை. சன்னாசி அந்தக் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இருட்டியதும் ஆற்றில் இறங்கிவிட்டார். உடல் கிடைக்கவே இல்லை.

அந்த வேலைக்குத்தான் பாலன் வந்தான். சபாக் பக்கம் அவன் இருந்த தோட்டத்தில் மரத்தையெல்லாம் வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். வேறு போக்கிடம் இல்லை. அவன் பெண்டாட்டி திலகத்துக்கும் இங்கேயே கெராங் சிப்பி வாருகிற படகில் கூலி வேலை கிடைத்தது. கடல் சேற்றில் சிப்பி வாரிவிட்டு, தண்ணீர் ஏறும்போது அந்தப் படகு மண்ணுக் கப்பலைத் தாண்டித்தான் ஆற்றுக்குள் வர வேண்டும். “பொண்டாட்டிக்கு வெளக்குப் புடிக்கத்தான் சம்பளம் குடுக்கிறாங்க” என்று திலகம் புருஷனைக் கேலி செய்வாள். தங்கமான பெண். நினைத்தால் எனக்கே வயிறு எரிகிறது.

முதல் நாள் சின்னையா அவனைச் சம்பான் படகில் கொண்டுபோய் மிதவையில் விட்டுவிட்டுத் திரும்பினார். பாலன் நான்கு விளக்கையும் சரியாகக் கட்டி, கயிற்றைக் கப்பியில் இழுத்து மேலே ஏற்றினான். கீழே போய்த் தேத்தண்ணி கலக்கினான்.

மேலே சத்தம்.

‘கிரீச்...’

நின்றது.

‘கிரீச்...’ மறுபடியும் நின்றது.

இரண்டு கையால் இழுப்பவனுக்குக் கப்பி நிற்காமல் கத்தும். இது ஒரு இழுப்பு... ஒரு நிறுத்தம். ஓடிப்போய்ப் பார்த்தான். பச்சை இடது பக்கம் எரிந்தது. சிவப்பு வலது பக்கம். தளத்தில் ஆளில்லை. பழைய சோற்றுப் புளிப்பு வாடை மட்டும் அடித்தது. அவிழ்க்கலாம் என்று கயிற்று நுனியைப் பிடித்தான். சொதசொதவென்று எச்சில். பல் பதிந்த தடம். ஒரு கையால் இழுத்து, பல்லால் கடித்து நிறுத்தி, மறுபடி இழுத்திருக்கிறது.

பாலன் கயிற்றை உதறிவிட்டுக் கையைச் சட்டையில் துடைத்தான். ஆனாலும் மாற்றிக் கட்டினான். சிறிது நேரத்தில் அது திருப்பிக் கட்டியது. கெராங் படகின் சத்தம் தூரத்தில் கேட்டபோது மூன்றாம் முறையாக மாற்றிவிட்டு, இரண்டு கயிற்றையும் நெஞ்சோடு பிடித்தபடி நின்றான். படகு நல்ல பக்கமாகப் போனது. திலகம் கை காட்டினாள். அவனால் திருப்பிக் காட்ட முடியவில்லை.

காலையில் சின்னையாவிடம் சொன்னான். “நீயே மாத்திக் கட்டிட்டுப் பேய் மேல பழி போடாத” என்றார் அவர். “பயமா இருந்தா இன்னிக்கே நின்னுக்க. வேற ஆளு இருக்கு.” அவன் நின்றுவிட்டால், விஷயம் தெரியாத எவனாவது வந்து நிம்மதியாகத் தூங்குவான். திலகத்தின் படகு வரும். அதை நினைத்தே பாலன் நிற்கவில்லை.

அவனுக்கு ஒரு யோசனை வந்தது. அன்று மாலை, வேண்டுமென்றே தப்பாகக் கட்டினான். பச்சை இடது பக்கம். காத்திருந்தான்... ‘கிரீச்...’ ஒரு நிறுத்தம்... ‘கிரீச்...’ போய்ப் பார்த்தால் எல்லாம் சரியான பக்கத்தில் எரிந்தன! கட்டியிருப்பதை மாற்ற வேண்டும், அவ்வளவுதான் அதற்குத் தெரிந்தது போலிருக்கிறது. அன்று முதல் இவன் தப்பாகக் கட்டுவான், அது சரியாக்கும். பாலன் தூங்கக்கூடச் செய்தான். பேயோடு பங்கு போட்டு வேலை பார்த்தவன் இந்த நாட்டிலேயே அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

திலகத்திடம் சொன்னான். அவள் பயப்படவில்லை, அழுதாள். “பாவம்ங்க. அந்த மனுசனுக்கு யாரு இருக்கா? செத்தும் ஒரு பிடி சோறு போட ஆளில்ல.”

ஆடி அமாவாசை வந்தது. விடியுமுன்பே எழுந்து சமைத்தாள். புளிக்குழம்பு, கத்திரிக்காய், அப்பளம். வாழையிலையும் சூடமும் கட்டிக் கொடுத்தாள்.

“அவருக்குப் படைங்க. எலைய அவரு கைக்குத் தோதாத் திருப்பிப் போடுங்க. நீங்க அவரு பேரச் சொல்லிக் கூப்பிட்டாப் போதும்.”

அவன் சரியென்றான். அவள் சிப்பிப் படகுக்குப் போனாள்.

அமாவாசை. மை இருட்டு. பாலன் வழக்கம்போலத் தப்பாகவே விளக்கைக் கட்டினான். இலையைத் திருப்பிப் போட்டுச் சோறு வைத்தான். சூடம் கொளுத்தினான். “சன்னாசிண்ணே, சாப்பிடுங்க” என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினான். காத்திருந்தான்.

கப்பி கத்தவில்லை.

வேறொரு சத்தம் கேட்டது. சோற்றைப் பிசைகிற சத்தம்... விரலைச் சப்புகிற சத்தம்... நிறுத்தி நிதானமாக, வெகு நாள் பசித்தவன் சாப்பிடுகிற மாதிரி. பாலனுக்குக் கண் கலங்கியது. நல்ல காரியம் செய்தோம் என்று நினைத்தான். பிறகு ஒரு நீளமான ஏப்பம். அதோடு எல்லாம் அடங்கிப் போனது. அந்த மிதவையில் அப்படி ஓர் அமைதியை அவன் கண்டதே இல்லை.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. வயிறு நிறைந்து போய்விட்டவர் விளக்கு மாற்ற எதற்கு வரப் போகிறார்?

கடல் பக்கம் ‘டுக்டுக்டுக்’ என்று கெராங் படகு.

ஓடினான். பனியில் ஊறி முடிச்சு இறுகியிருந்தது. நகம் பிய்ந்ததே தவிர முடிச்சு இளகவில்லை. “திலகம்! இந்தப் பக்கம் வராத! வராதடீ!” படகு இன்ஜின் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? பச்சை வெளிச்சத்தில் அவள் எழுந்து நிற்பது தெரிந்தது. புருஷன் கத்துவதைக் கூப்பிடுவதாக நினைத்து, கையைத் தூக்கி ஆட்டினாள். படகு பச்சையைப் பார்த்து நேராக வந்தது. கடைசியில் முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தான். அவிழ்ந்தது. பச்சை விளக்கு கீழே இறங்கவும் கம்பி வடம் ‘டண்’ என்று தெறிக்கவும் சரியாக இருந்தது.

வேறு படகுக்காரர்கள் வந்து மற்றவர்களைத் தண்ணீரிலிருந்து தூக்கிவிட்டார்கள். திலகம் கிடைக்கவில்லை.

விடிந்து சின்னையா வந்தபோது பாலன் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். இலையில் ஒரு பருக்கை இல்லை. எழவு வீட்டில் மடக்குகிற மாதிரி இல்லாமல், கல்யாண வீட்டில் சாப்பிட்டு நிறைந்தவர் மடக்குவது போல உள்பக்கமாக மடித்திருந்தது. மேலே குழம்பு விரல் தடம். இடது கை.

உமாபதி மச்சானைச் செரண்டாவுக்குக் கூட்டிக்கொண்டு வந்து வைத்துக்கொண்டான். பல நாள் பட்டினி. பிறகு ஒருநாள் தானாகவே வந்து தட்டின் முன் உட்கார்ந்தானாம். உமாபதியின் பெண்டாட்டி அன்னம்மா சோறு போட்டாள். இடது கையால் பிசையத் தொடங்கினான். வலது கை மடியில், கைலிக்குள் ஒளித்தது போல மணிக்கட்டோடு மடங்கிக் கிடந்தது.

அவள் மெதுவாக, “அண்ணே... சோத்துக்கையால சாப்பிடுங்க” என்றாள்.

அவன் இடது கையைத் தூக்கிக் காட்டினான். விளங்காத முகம்.

“இதுதான தங்கச்சி சோத்துக்கை?”