அம்மை வந்தவள்

மகள்: இங்கயே உட்காரும்மா. அந்தக் கதவு எனக்குப் பக்கத்துல இருக்கணும்.

அம்மா: ஊர்ல எல்லாரும் ஜன்னல் ஓரம் கேப்பாங்க. என் பொண்ணு கக்கூஸ் ஓரம் கேக்குறா.

மகள்: என் ராசி அப்படி. காலையில இருந்து எத்தனை தடவைன்னு மட்டும் கேக்காத.

அம்மா: கேக்கல. மூஞ்சியே சொல்லுது. இன்னும் ரத்தம்...

மகள்: மெதுவா! எதிர்ல ஆள் உட்கார்ந்திருக்காரு.

அம்மா: அவரும் அதுக்குத்தான் வந்திருப்பாரு. குடல் டாக்டர் வாசல்ல பல் பிடுங்கவா வருவாங்க? சரி... டிரிப்ஸ் இன்னிக்கே ஏத்துவாங்களா?

மகள்: அது உன் கையில இருக்கு.

அம்மா: என் கையிலயா?

மகள்: உள்ள போனதும் டாக்டர் உன்கிட்ட ஒண்ணு கேப்பாரு. எனக்குச் சின்ன வயசுல அம்மை வந்துச்சா, இல்லையா. வந்துச்சுன்னு நீ சொன்னா டிரிப்ஸ் இன்னிக்கே. வரலன்னா ஊசி போட்டுட்டு ஒரு மாசம் காத்திருக்கணும்.

அம்மா: ஒரு மாசமா? இப்படி வெளிறிப் போயி நிக்கிற, ஒரு மாசமா? போன வாரம் ஊசி போட்டாங்கன்னியே?

மகள்: அது ஃப்ளூ ஊசி, நிமோனியா ஊசி. அதுல கிருமி செத்துப் போயிருக்கும், இல்லன்னா அதோட துண்டுதான் இருக்கும். எப்ப வேணும்னாலும் போட்டுக்கலாம். அம்மை ஊசியில கிருமி உயிரோட இருக்கு. டிரிப்ஸ் மருந்து குடல் புண்ணை ஆத்துறதோட உடம்போட எதிர்ப்பு சக்தியையும் அடக்கிடும். மருந்து ஆரம்பிச்சிட்டா உயிருள்ள கிருமியை உள்ள விட முடியாது.

அம்மா: விடவே வேணாம். உனக்குத்தான் நாலு வயசுலயே வந்துட்டுப் போயிடுச்சே!

மகள்: ரத்தத்துல இல்லன்னு வருதும்மா.

அம்மா: எது இல்ல?

மகள்: அம்மை வந்து போன அடையாளம். வந்தவங்க ரத்தத்துல அது தங்கியிருக்கும். எனக்கு இல்ல. ரெண்டு லேப்ல பார்த்தாச்சு.

அம்மா: மிஷின் தப்பு.

மகள்: ரெண்டு மிஷினுமா?

அம்மா: ராப்பகலா உன் பக்கத்துல உட்கார்ந்திருந்தவ நான். எந்த மிஷின் வந்து உட்கார்ந்துச்சு? கொப்புளம் கொப்புளமா... சொறியக் கூடாதுன்னு கையில காலுறை மாட்டி விட்டிருந்தேன். ஞாபகம் இல்ல?

மகள்: இருக்கு.

அம்மா: அப்புறம் என்ன?

மகள்: ரோஸ் கலர் மருந்து ஞாபகம் இருக்கு. மூஞ்சி பூரா திட்டுத் திட்டா. அந்தக் காலுறைகூட ஞாபகம் இருக்கு, கறுப்புல வெள்ளைக் கோடு. ஆனா...

அம்மா: ஆனா என்னடி?

மகள்: கையில மாட்டியிருந்த மாதிரி ஞாபகம் இல்ல. பார்த்த மாதிரிதான் ஞாபகம். நடுவுல ஒரு கண்ணாடி.

அம்மா: ரூம்ல ஒரு நிலைக்கண்ணாடி இருந்துச்சு. அதுல உன்னையே பார்த்திருப்ப.

மகள்: நானும் ரொம்ப நாளா அப்படித்தான் நெனச்சுட்டு இருந்தேன்.

அம்மா: அவ்வளவுதான். இதுல என்ன இருக்கு?

மகள்: நான் கை அசைச்சேன்மா. அவ அசைக்கல. கண்ணாடியில இருந்தவ அழுதுட்டு இருந்தா. நான் அழல.

அம்மா: ...காய்ச்சல்ல என்னென்னவோ தெரியும். ஜுரம் அப்படி அடிச்சுது உனக்கு.

மகள்: உன் கையெல்லாம் ஏன் இப்படிச் சில்லுன்னு இருக்கு?

அம்மா: ஏசி. ஆஸ்பத்திரியா, ஐஸ் பெட்டியா இது? உன் புருவத்துத் தழும்பைக் காட்டு டாக்டர்கிட்ட. அம்மை வந்த தழும்பு.

மகள்: காட்டினேன். தையல் போட்ட தழும்புன்னாரு.

அம்மா: அந்த ஆளுக்கு என்ன தெரியும்?

மகள்: தையல் போட்டா எப்படித் தழும்பு விழும்னு தெரியும்ல. எங்கயாவது விழுந்தேனா?

அம்மா: ஊஞ்சல்ல இருந்து... இல்ல. விழல. யாரு விழுந்தா?

மகள்: ஊஞ்சல்னு சொன்ன.

அம்மா: சொல்லல.

மகள்: இப்பதான் சொன்ன...

நர்ஸ்: இருபதாம் டோக்கன் யாரு?

மகள்: நாங்கதான் சிஸ்டர்.

நர்ஸ்: உள்ள இருக்கறவங்க வந்ததும் போங்க. கூட யாரு, அம்மாவா? ரெண்டு பேரும் போகலாம். என்னம்மா, உங்களுக்குத்தான் உடம்பு சரியில்லாத மாதிரி இருக்கே? தண்ணி வேணுமா?

அம்மா: வேணாம்.

மகள்: நான் பார்த்துக்கறேன் சிஸ்டர். ...ம்மா. ஏன் வேர்க்குது? ஐஸ் பெட்டின்னியே?

அம்மா: வந்துச்சுன்னே சொல்லிடறேன். இன்னிக்கே டிரிப்ஸ் ஏத்தட்டும். உன் கஷ்டத்தை என்னால பார்க்க முடியல.

மகள்: சரி. சொல்லு.

அம்மா: தப்பாப் போனா?

மகள்: வந்தது உண்மைன்னா எப்படித் தப்பாப் போகும்?

அம்மா: சும்மா கேட்டேன்.

மகள்: லீவு முடிஞ்சதும் எல்.கே.ஜி. கிளாஸ் எடுக்கத் திரும்பப் போகணும். எங்க ஸ்கூல்ல இப்பவே ரெண்டு பசங்களுக்கு அம்மை போட்டிருக்கு. அந்த மருந்து உடம்புல இருக்கும்போது எனக்கு ஒட்டிக்கிச்சுன்னா கொப்புளத்தோட நிக்காதாம். நுரையீரல்ல இறங்கிடும்னாரு. மூச்சு...

அம்மா: போதும்.

மகள்: மூச்சு வாங்க ஆரம்பிச்சா ரொம்ப நேரம்...

அம்மா: போதும்னு சொன்னேன்ல! எனக்குத் தெரியும். மூக்கு ரெண்டும் விரிஞ்சு விரிஞ்சு அடங்கும். உதடு நீலமாகும். தெரியும்டி எனக்கு.

மகள்: எப்படித் தெரியும்? எனக்கு வந்தது லேசான அம்மைன்னுதானே எப்பவும் சொல்லுவ?

அம்மா: ஊசி போட்டுக்கோ.

மகள்: ஒரு மாசம் காத்திருக்கணும். ரத்தம் போயிட்டேதான் இருக்கும்.

அம்மா: போகட்டும். உனக்கு நான் துணி துவைக்கிறேன், கஞ்சி வைக்கிறேன், தூக்கிட்டுத் திரியறேன். நீ ஊசி போட்டுக்கோ.

மகள்: அம்மை வந்தவளுக்கு எதுக்கும்மா ஊசி?

அம்மா: உனக்கு வரல.

மகள்: ...அப்போ யாருக்கு வந்துச்சு?

அம்மா: உன்கூடப் பொறந்தவளுக்கு. உனக்குக் கொஞ்சம் முன்னாடி வந்தவ. ரெண்டு பேருக்கும் ஒரே மூஞ்சி.

மகள்: ரெட்டையா நாங்க?

அம்மா: ஆமா. ஒட்டிக்கும்னு உன்னைச் சித்தி வீட்டுல விட்டிருந்தேன். அக்கா வேணும், அக்கா வேணும்னு நீ சாப்பிடாம அழுதியாம். சித்தி தூக்கிட்டு வந்து கண்ணாடி ஜன்னலுக்கு வெளியில நின்னு காட்டினா. அவ உன்னைப் பார்த்து அழுதா. அன்னிக்குச் சாயங்காலமே மூச்சு வாங்க ஆரம்பிச்சிடுச்சு.

மகள்: வீட்டுல ஒரு போட்டோகூட இல்லையே. யாருமே ஒரு வார்த்தை...

அம்மா: யாரும் பேச மாட்டாங்க. அந்த வாரமே ஊரை மாத்திட்டோம். சித்தி அதுக்கப்புறம் நம்ம வாசல்ல கால் வைக்கல. எழுந்திரு, நர்ஸைக் கூப்பிடு. டாக்டர்கிட்ட நானே சொல்றேன், பொய் சொன்னது நான்தான்னு. ஊசியைப் போடச் சொல்றேன்.

மகள்: உட்காரும்மா. ஊசி போட்டாச்சு.

அம்மா: எந்த ஊசி?

மகள்: அம்மை ஊசிதான். மத்த ரெண்டோட சேர்த்துப் போன வாரமே போட்டாங்க. அடுத்த மாசம்தான் டிரிப்ஸ், இன்னிக்கு வெறும் செக்கப்தான். டாக்டர் உன்கிட்ட எதுவும் கேக்க மாட்டாரு. அவர் ரத்தத்தை நம்பினாரு.

அம்மா: அப்போ... எதுக்குடி இவ்வளவு நேரம் என்னை இங்க உட்கார வச்சு...

மகள்: வீட்டுல கேட்டா அடுப்படிக்குப் போயிடுவ. இங்க உன்னால எங்கயும் போக முடியாது.

அம்மா: பெத்தவகிட்டயே நடிச்சிருக்க.

மகள்: வயித்து வலியைக்கூடப் பொறுத்துக்கறேன்மா. ராத்திரி கண்ணை மூடினா ஒருத்தி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அழறா, அவ நானா இல்லையான்னே தெரியல. அதைப் பொறுத்துக்க முடியல. நீ பொய் சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பேன்னு எனக்கே தெரியாது. சொல்லல. அது போதும்.

அம்மா: போதும்ல? வா, போகலாம்.

மகள்: இன்னும் ஒண்ணு இருக்கு. செத்தவளை மறைச்சது புரியுது. துக்கம். ஆனா அவளுக்கு வந்த அம்மையை ஏன் எனக்கு வந்ததாச் சொன்ன? என் தையல் தழும்பை ஏன் அவளோட தழும்பாக்கின?

அம்மா: விடுடி.

மகள்: ம்மா.

அம்மா: அவ அடங்கினதும் வாசலுக்கு வந்தேன். எல்லாரும் நின்னாங்க. போனது யாருன்னு கேட்டாங்க. அத்தனை நாள் மடியில கெடந்தவ பேரைச் சொல்ல எனக்கு வாய் வரல. சொல்லிட்டா நிஜமாயிடும்ல? நீ சித்தி இடுப்புல உட்கார்ந்திருந்த. நான்... உன் பேரைச் சொல்லிட்டேன்.

மகள்: என் பேரையா?

அம்மா: சித்தி என்னையே பார்த்தா. உங்க அப்பா தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. அப்புறம் அவ பேரைச் சொல்லி உன்னைக் கூப்பிட்டேன். நீ கையை நீட்டிட்டு வந்த. திருத்தவே இல்ல நான். அப்பா மட்டும் கடைசி வரைக்கும் உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடல. பாப்பான்னுதான் கூப்பிட்டாரு.

மகள்: அப்போ... எல்லாரும் என்னைக் கூப்பிடற பேரு...

அம்மா: அவளோடது.

மகள்: என்னோடது எங்கம்மா?

அம்மா: கல்லுல வெட்டி வச்சிருக்கோம்டி. அதுக்குக் கீழ அவ இருக்கா.