கல்லுக்கு எதிரெதிரே

"ஹலோ... ஹலோ! ஸ்ரீரங்கம் இலை மண்டிங்களா? ரங்கநாயகியம்மாவைக் கூப்பிடுங்க, சீக்கிரம்... நீங்கதானா? அம்மா, நான் அப்துல் சுக்கூர். சத்திரம் பஸ் ஸ்டாண்டு கோபே ஹோட்டல்... ஆமாங்க, ஆமாங்க, இலை வந்துடுச்சு. இலைக்கு இல்லம்மா. உங்க கொழுந்தன் அழகிரி... இல்ல இல்ல, அவனுக்கு ஒண்ணும் ஆகல. அவன்தான் ஒருத்தனைப் பிடிச்சு வச்சிருக்கான்."

கல்லாப் பெட்டிக்குப் பின்னால் மண்டியிட்டபடி சுக்கூர் பேசினார். அலமாரிக் கண்ணாடி அவரைச் சுற்றி நொறுங்கிக் கிடந்தது.

"காத்தமுத்தும்மா!... ஆமா... அதே காத்தமுத்துதான். உங்க வீட்டுக்காரரை... ஆமாம்மா. காலையிலதான் ஜெயில்லேர்ந்து விட்டாங்களாம். ஏழு வருஷமா நல்ல கறி திங்கலன்னு சொல்லிக்கிட்டு வந்தான். எனக்கு அவன் மூஞ்சி எங்கேம்மா தெரியும்? எந்த ஊருன்னு கேட்டேன், தொட்டியம்னான். அழகிரி இலைக்கட்டை இறக்கிட்டுச் சாப்பிட உக்காந்திருந்தான். அட, ரெண்டு பேரும் ஒரே ஊரு, பேசிக்கிட்டே சாப்பிடட்டும்னு நான்தாம்மா... நானே கையைப் பிடிச்சு... எதிரெதிரே உக்கார வச்சேன்."

கப்பலில் சமையல்காரராக இருந்த நாளில், ஜப்பானில் கோபே துறைமுகத்தில் அவர் கண்ட ஹோட்டல் அப்படித்தான் இருந்தது. நடுவே நீளமான இரும்புக் கல், சுற்றிலும் விருந்தாளிகள், கண்ணெதிரே வேகும் கறி. முன்பின் தெரியாதவர்கள் பத்து நிமிஷத்தில் சிரித்துப் பேசிக்கொள்வார்கள். அந்தச் சிரிப்பில் சொக்கிப்போய்த்தான் திருச்சிக்குத் திரும்பியதும் இப்படி ஒரு கல்லைப் போட்டார். இப்போது அந்தக் கல்லின்மேல் காத்தமுத்துவின் வலது கை இருந்தது.

"என்ன சத்தமா? அவன் கத்தறாம்மா! கையைக் கல்லுல வச்சு அழுத்திட்டான் உங்க கொழுந்தன்... சூடுதான், கறி போட்டாச் சுருண்டு போற சூடு... யா அல்லா! சாதிக், விறகை உருவுடா! தண்ணி ஊத்தாதே, தெறிக்கும்! உருவு, உருவு!... உங்களைச் சொல்லலம்மா, சமையல்காரனைச் சொல்றேன். குறுக்கே போய்க் காது கிழிஞ்சு நிக்கிறான்."

விறகு சரிந்து புகை எழுந்தது. தீய்ந்த சதையின் நாற்றம் கல்லா வரைக்கும் வந்தது. அத்தனை வருஷம் கறி சுட்டவர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"ஆமா... ஆமாம்மா... கத்தி இருக்கு. எங்க கறிக்கத்திதான். கழுத்துல வச்சிருக்கான்... போலீசுக்கு ஆள் ஓடியிருக்கு. அவங்க வந்து என்ன? யாராச்சும் படி ஏறினா அறுத்துடுவேங்கிறான். அண்ணியைக் கேளு, அண்ணி சொல்றது நடக்கும்கிறான். அதான் கூப்பிட்டேன். ஒரு வார்த்தை, வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, அவன் விட்டுடுவான்... ஹலோ? அம்மா? இருக்கீங்களா?... கேக்குது. நல்லாவே கேக்குது... என்னம்மா பேசறீங்க? அதையா நான் போய்ச் சொல்லணும்?"

அவர் குரல் தானாகத் தணிந்தது. அந்தப் பக்கத்துச் சொல் ஒன்றும் வெளியே சிந்திவிடாதபடி ரிசீவரைக் காதோடு இறுக்கிக்கொண்டார்.

"தெரியும்மா... ஏழு வருஷம்... ஆமா, வெறும் நெத்தியோட... தெரியும், தெரியும். அவன் செஞ்சது பாவம்தான், யாரு இல்லேன்னா? ஆனா தூக்குல அழகிரியைத்தானே போடுவாங்க? இருபத்திரண்டு வயசு. உங்க கையால சோறு தின்னு வளந்த புள்ளை... பெருமையா? என்னம்மா பெருமை? மண்டியில இலையோட அதையும் கட்டுக் கட்டா விக்கப் போறீங்களா?... தப்பு, தப்பு. என் வாய் அப்படி. கோவிச்சுக்காதீங்க... ஹோட்டலுக்காகச் சொல்லலம்மா. ஹோட்டல் போனாப் போவுது!"

அழகிரி ஏதோ உறுமினான்.

"இதோ கேட்டுக்கிட்டிருக்கேன் தம்பி! லைன்ல இருக்காங்க... ஐயோ, அழுத்தாதே! கையை எடுப்பா, எடு!"

கத்தி நுனி இறங்கியது. காத்தமுத்துவின் கழுத்திலிருந்து ரத்தம் கோடாக வழிந்து கல்லில் சொட்டியது. விழுந்த இடத்தில் சுர்ரென்று கறுத்தது.

"அம்மா, ரத்தம் வருது. கடைசியாக் கேக்கறேன்... அவன்கிட்ட போனைக் குடுக்கணுமா?... நீங்களே சொல்லிடறீங்களா?..."

சுக்கூர் போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்து நின்றார். கட்டைவிரல் ரிசீவர் உட்காரும் குமிழைத் தேடி, அழுத்தி, விட்டது. ரங்கநாயகியின் குரல் பாதிச் சொல்லில் நின்றது. பிறகு காதில் வெறும் இரைச்சல்.

"சரிங்கம்மா," என்றார் உரக்க. "சரி... சரி... அழாதீங்க. இப்பவே சொல்லிடறேன்... தம்பி! விடச் சொல்றாங்கப்பா உங்க அண்ணி!... ஆமா, அவங்கதான். அண்ணனைப் பறிகொடுத்தது போதும், உன்னையும் குடுக்க மாட்டேங்கறாங்க... சொல்லிட்டேம்மா. கேட்டுட்டான்... நிக்கறான். என்னையே பாத்துக்கிட்டு நிக்கறான்..."

இரைச்சல் காதைத் துளைத்தது. ஒருவர் பேசி முடிக்க எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம், தலையை ஆட்டிக்கொண்டு அதைக் கேட்டார்.

"ஆமாங்கம்மா... ஆமாம்மா... கத்தியை வச்சுட்டானான்னு கேக்கறாங்க தம்பி. என்னன்னு சொல்லட்டும்?"

கத்தி கல்லின்மேல் ணங்கென்று விழுந்தது. காத்தமுத்து அடுப்போரம் சரிந்தான். அவன் கையைச் சாதிக் ஈரத்துண்டில் சுற்றினான். அழகிரி கல்லைச் சுற்றி வந்து, ரத்தக் கையை வேட்டியில் துடைத்து, போனுக்காக நீட்டினான்.

"வச்சுட்டாங்கப்பா," என்று சுக்கூர் ரிசீவரைக் கீழே வைத்தார்.

வைத்ததுதான் தாமதம், மணி அடித்தது. அழகிரிக்கு முன்னால் அவர் கை முந்தியது.

"ஹலோ... ஆமா... இல்லீங்க. ராங் நம்பர்."

வைத்துவிட்டு, அழகிரியின் தோளைக் கெட்டியாக அணைத்துக்கொண்டார். போன் மறுபடி அடிக்கத் தொடங்குவதற்குள் அவனைப் போலீஸ் வந்து நின்ற வாசலுக்கு நடத்திக்கொண்டு போனார்.