மிச்சம் ஒரே ஒரு எண்

— ஜன்னல் பக்கம் போகாதேன்னு சொன்னேன்ல. இங்க வந்து உட்காரு. பென்சிலை எடு.

— அவன் இன்னும் மருந்துக்கடை வாசல்லதான் நிக்கிறான்க்கா. ஹெல்மெட்டைக்கூடக் கழட்டல.

— கட்டின புருஷன்ங்கிறதுக்காக அவனையே பாத்துட்டு இருக்கணுமா? இதோ பாரு, இந்தச் சுடோகுவைப் பாரு. ஒன்னுலேர்ந்து ஒம்பது வரைக்கும் எண். ஒரு வரிசையில ஒரு எண் ஒரு தடவைதான் வரும். மேலேர்ந்து கீழயும் அப்படித்தான். இந்த மூணுக்கு மூணு பெட்டிக்குள்ளயும் அப்படித்தான்.

— பைண்டிங்ல நாள் முழுக்கப் புத்தகம் தைச்ச கைக்கா இது. இந்தக் கணக்கெல்லாம் எனக்கு வருமா?

— வரும். நம்ம பிரஸ்ஸுல, அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி தினம் இதைச் சரி பாக்கிறதே என் வேலை. எத்தனையோ நாள் எனக்குப் பைத்தியம் பிடிக்காம காப்பாத்தினது இதுதான். நடுப் பெட்டியில எத்தனை காலி?

— ரெண்டு. மேலே ஒன்னு, கீழே ஒன்னு.

— என்ன எண்ணெல்லாம் இல்ல?

— நாலு, ஒம்பது. மேலே நாலு போட்டுரவா?

— குத்துமதிப்பாப் போடாதே. அந்த வரிசை முழுக்கப் பாரு.

— ஓரத்துல ஏற்கெனவே ஒரு நாலு இருக்கு. அப்ப இங்க நாலு வராது. ஒம்பதுதான். கீழே நாலு.

— அவ்வளவுதான். எது வராதோ அதை ஒவ்வொன்னா அடிச்சுட்டே வா. மிச்சம் நிக்கிறதுதான் விடை. ரெண்டு எண் வர்ற மாதிரி இருந்தா மூலையில பொடிசா எழுதி வை, அப்புறம் பாத்துக்கலாம்.

— அக்கா, ஆளைக் காணோம்க்கா.

— மறுபடியும் எந்திரிச்சுப் போயிட்டியா? டீ குடிக்கப் போயிருப்பான். உட்காரு.

— எப்படிக்கா கண்டுபிடிச்சான்? நான் வந்து பதினோரு நாள்தான் ஆச்சு. சிம்மை மாத்திட்டேன். உங்க சின்னம்மா பூட்டிப் போட்ட வீடு இது. இவ்வளவு பெரிய தெருவுல, வந்ததும் வராததுமா நேரா இந்த மூணாவது மாடியைத்தான் அண்ணாந்து பாத்தான்.

— என் பின்னாடியே வந்திருப்பான்.

— நீங்க பின்பக்கப் படியாலதானே வருவீங்க? அங்கேர்ந்து பாத்தா இந்த ஜன்னல் தெரியாதே.

— இந்த மூணாவது வரிசையைப் பாரும்மா.

— நான் இங்க இருக்கிறது மூணு பேருக்குத்தான் தெரியும். என் தம்பிக்கு, இந்த ஊர்லதான் இருக்கேன்னு மட்டும் தெரியும், தெரு தெரியாது. நம்ம பிரஸ் மேனேஜர் என் துணிப்பையைத் தெருமுனையிலேயே குடுத்துட்டுப் போயிட்டாரு, அவருக்கு வீடு தெரியாது.

— விடும்மா, அப்புறம் யோசிக்கலாம்.

— குத்துமதிப்பாச் சொல்லலக்கா. மிச்சம் நீங்கதான். அந்தப் பேப்பரைக் கீழ வச்சுட்டு என்னைப் பாருங்க.

— முந்தாநாள் அவன் என் மக ஸ்கூல் வாசலுக்கு வந்தான். அவ எந்த கிளாஸ், யாரு பக்கத்துல உட்காருவா, எல்லாத்தையும் என்கிட்டயே ஒப்பிச்சான். சத்தம்கூடப் போடல. என் பொண்டாட்டி எங்கன்னு மட்டும் சொல்லு, உன் பொண்ணு பக்கமே திரும்ப மாட்டேன்னான். சொல்லிட்டேன்.

— சொல்லிட்டு, இங்க வந்து எனக்கு இதைச் சொல்லிக் குடுக்கிறீங்களா?

— உன்னைத் தனியா விட மனசு வரல. விஷயத்தைச் சொல்ல வாயும் வரல. எந்திரி. பின்பக்கப் படியில இறங்கிடு, அதைப் பத்தி நான் அவன்கிட்ட மூச்சு விடல. கதவைத் தட்டினா நான் பேசிச் சமாளிக்கிறேன்.

— இருங்க. ஸ்கூல் எத்தனை மணிக்கு விடும்?

— மூணரைக்கு. பக்கத்துத் தெருதானே, இந்நேரம் அவ அத்தை கூட்டிட்டுப் போயிருப்பா. அதை ஏன் இப்பக் கேக்கிற? ஜன்னலை விட்டுத் தள்ளி வா.

— அவன் தெருமுனையிலேர்ந்து வந்துட்டிருக்கான்க்கா. யூனிஃபார்ம் போட்ட ஒரு பொண்ணு, அவன் விரலைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சுப் பேசிட்டே வருது.