முக்காலிக்கு நான்காம் கால் வாங்கித் தந்த அக்காவுக்கு

பார்வையின் பேரரசியே! பேசாது நின்றே பிறர் பாடுகளைப் படித்த பெருமாட்டியே! வீட்டுப் பொருள் செய்யும் எம் தொழிற்சாலையின் வடிவமைப்புப் பிரிவுக்கு வாய்த்த வற்றாத வியப்பே! "நான் ஓரமா நின்னுக்கிறேன், நீங்க உங்க வேலையைப் பாருங்க" என்று சொல்லியே ஊரார் அடுக்களைகளில் நுழைந்து 'ஓரமா அக்கா' எனப் பெயர் பெற்றவரே! ஓய்வு பெறும் தங்களை வணங்கி வாழ்த்துகிறோம்.

நாங்கள் குளிரூட்டிய அறையில் கோடு போட, அப்பொருள்களை மக்கள் எப்படிப் புழங்குகிறார்கள் என்று பார்த்துவரத் தாங்கள் கொதிக்கும் அடுப்படியில் கால் கடுக்க நின்றீர்கள். ஒரு வீட்டு மருமகள் தங்களை ஏற இறங்கப் பார்த்து, "எங்க மாமியார் அனுப்பின ஆளா நீங்க?" என்று கேட்டதையும், இல்லையெனத் தாங்கள் சத்தியம் செய்த பின்னரே ஒளித்துவைத்த கரிந்த வாணலியை அவர் வெளியே எடுத்ததையும் இப்பிரிவு மறவாது!

இதோ, மேடையில் முகம் சிவந்து அமர்ந்திருக்கும் எம் மேலாளரின் அனுமதியோடு முக்காலிக் கதையையும் சொல்கிறோம். கொடி போல் வளைந்த மூன்று கால்களில் அவர் வரைந்த முக்காலியைக் கண்டு நாங்களெல்லாம் கைதட்டினோம். தாங்கள் மட்டும், "அழகாத்தான் இருக்கு சார். ஆனா வீட்டுல யாரும் இதுல உட்கார மாட்டாங்க, ஏறித்தான் நிப்பாங்க. நாலு கால் வேணும்" என்றீர்கள்.

"நாலு கால் வெச்சா அப்புறம் அது முக்காலியாம்மா?" என்று இலக்கணம் பேசினார் அவர்.

தாங்கள் வாதாடவில்லை. அம்முக்காலியை அவர் வீட்டிலேயே போடச் சொல்லி, விடுமுறை நாளில் போய் ஓரமாக நின்றீர்கள். அவர் மனைவி பரணிலிருந்த பெரிய பாத்திரத்தைக் கேட்டார். மேலாளர் இடமும் வலமும் பார்த்தார், முக்காலியில் ஏறினார். முக்காலி ஒருபக்கம் போயிற்று. அவர் பரண் விளிம்பில் தொங்கினார்! பார்ப்பது மட்டுமே தங்கள் வேலை என்ற விரதத்தைக் கைவிட்டு, தாங்கள் ஓடிப்போய் அவர் முழங்கால்களைக் கட்டிப் பிடித்தீர்கள்.

"விட்டுடாதீங்கம்மா! நாலு காலே வெச்சிடலாம்!" என்று அந்தரத்தில் ஒப்புதல் வழங்கினார் மேலாளர்.

மறுநாள் நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். தாங்கள் சிரிக்கவில்லை. "அங்க நான் இருந்தேன், பிடிச்சேன். நான் இல்லாத வீட்டுல யாரு பிடிப்பா?" என்றீர்கள். சிரிப்பு அடங்கிற்று. அன்றே அகன்ற நான்கு கால்களும் வழுக்காத ரப்பர் அடியும் வரையப்பட்டன. முகமறியாத எத்தனையோ பேர் அதன்மேல் ஏறி, பத்திரமாக இறங்குகிறார்கள்!

நேற்றுத் தங்கள் கணவர் தொலைபேசியில், "இனிமே நான் டீ போடுறதையும் ஓரமா நின்னு பார்ப்பாளா?" என்று கலங்கினார். பார்ப்பீர்கள் என்றே ஆறுதல் சொன்னோம்.

அக்கா! ஊரையெல்லாம் கவனித்தது போதும். இனி உடம்பைக் கவனியுங்கள்! நோயற்று, நிறைவுற்று, நெடிது வாழ்க!

என்றும் தங்கள் அன்பில்,
வடிவமைப்புப் பிரிவினர்
(மேலாளர் உட்பட)