நூத்திப் பன்னெண்டு படம்

இல்லக்கா, முதல் வரியிலயே போட்டுடுங்க: பாதிக்கப்பட்டது என் ரூம்மேட், கண்ணு தெரியாதவ, படிச்ச குத்தத்துக்கு அவ ஹால் டிக்கெட்ட நிறுத்தி வெச்சிருக்காங்க. குத்தம்னே டைப் பண்ணுங்க. காரமா இருந்தா இருக்கட்டும். இந்த டிபார்ட்மென்ட் ஆபீஸுக்கு வர்ற மனு எல்லாம் தாழ்மையா வந்து வந்துதான் இவங்களுக்கு இவ்ளோ மிதப்பு.

நாங்க அவள ரேடியோன்னுதான் கூப்பிடுவோம். போன் எந்நேரமும் அவ காதுல எதையாவது வாசிச்சுக்கிட்டே இருக்கும். என்னா வேகம்ங்கறீங்க! நமக்கு மிக்ஸி ஓடற மாதிரி இருக்கும், அவளுக்கு அது பாடம்.

எதிர்க்கட்சி நம்ம நோட்ஸ் சார். உங்களுக்குத் தெரியாததா. அவரு நோட்ஸ எழுத்தா குடுக்க மாட்டாரு. குடுத்தா பசங்க காப்பி அடிச்சிடுவாங்களாம். அதனால தன்னோட கம்ப்யூட்டர் திரைய ஸ்கிரீன்ஷாட் எடுத்து எடுத்து அனுப்பினாரு. நூத்திப் பன்னெண்டு. படத்துக்குள்ள இருக்கற எழுத்து அவ போனுக்குத் தெரியாதுக்கா. படம்னு மட்டும் சொல்லும். படம், படம், படம்னு உக்காந்து கேட்டுட்டே இருந்தா, பாவி.

எழுத்தா குடுங்க சார்னு மூணு மெயில் போட்டா. என்ன பதில் வந்துச்சு தெரியுமா? படங்கள் தெளிவாகவே உள்ளன, திரையின் வெளிச்சத்தைக் கூட்டிப் பார்க்கவும்! சிரிக்காதீங்க. சரி, சிரிங்க. சிரிச்சுட்டு இணைப்பு ஒண்ணுன்னு போடுங்க.

அப்புறந்தான் படத்துலேர்ந்து எழுத்தப் பிரிச்சுக் குடுக்கற ஆப் ஒண்ணு புடிச்சா. ஓசிஆர்னு சொல்வாங்க. அங்கங்க உளறும், ஆனா வேலை நடக்கும். ஒரே ஒரு சிக்கல், அதுக்கு எது பாடம் எது பாடமில்லன்னு தெரியாது பாருங்க. திரைல இருக்கற அத்தனையும் எழுதித் தரும். பேட்டரி இருபத்தெட்டு சதவீதம். செருப்பு பாதி விலை. திரை மேல சார் திறந்து வெச்சிருந்த பிரவுசர் டேபோட பேரு உட்பட. அது வேற ஏதோ காலேஜ் பொண்ணோட ஆய்வேடு, மூணாவது இயல். நூத்திப் பன்னெண்டு படத்துலயும் அதே டேப்! கண்ணு நல்லா தெரியற அறுபது பேரும் அதத்தான் பாத்துட்டிருந்தோம், ஒருத்தருக்கும் உறைக்கல. ரேடியோதான் ஹெட்போனக் கழட்டிட்டு, என்னடி இது, பக்கத்துக்குப் பக்கம் யாரோட ஆய்வேடோ வருதேன்னா. தேடி எடுத்துப் பாத்தா கமா கூட மாறாம அதேதான். சார் சொந்தமா சேத்தது செருப்பு விளம்பரம் மட்டுந்தான்.

அந்த எழுத்து வடிவம் கிளாஸ் குரூப்புக்கு வந்துச்சு. டேப் பேரோட. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அவ்ளோதான், சாருக்கு ரோஷம் பொத்துக்கிட்டு வந்துடுச்சு. தன்னோட அறிவுச்சொத்த மாணவி திருடிட்டான்னு புகார். மூணு பேர் கமிட்டி. சொத்தே திருட்டுச் சொத்தாச்சேன்னு நான் கேட்டா, அது தனி விசாரணையாம், அதுக்குத் தனி கமிட்டியாம். சீனியாரிட்டிப்படி அதுக்குத் தலைவரா வரப்போறது யாரு? நோட்ஸ் சாரேதான்!

குரூப்ல யாரு போட்டாங்கன்னா? இருங்க, அதுக்கு வரேன். முதல்ல அடிப்படைய பேசுவோம். படத்த எழுத்தாக்கறது திருட்டுன்னா கண்ணாடி போட்டுப் படிக்கறதும் திருட்டுதானே? நம்ம கமிட்டித் தலைவர் ரெண்டு கண்ணாடி வெச்சிருக்காரு, ரெட்டைத் திருட்டு. போடுங்க.

ஆமாக்கா, திங்கக்கிழம பரீட்சை. ஆமா, போட்டது யாருன்னு சொல்லிட்டா ஹால் டிக்கெட் தந்துடறோம்னு கமிட்டியே சொல்லிடுச்சு. சொல்லலன்னா இவதான் போட்டான்னு முடிவு பண்ணி ஒரு வருஷம் நிறுத்திடுவாங்க. அதெல்லாம் தெரியும். நாலு நாளா அவள உக்கார வெச்சு அதே கேள்வி. அவ என்ன சொன்னா தெரியுமா? ஞாபகம் இல்ல சார். நூத்திப் பன்னெண்டு பக்கத்தையும் செருப்பு விலையோட ஒப்பிக்கறவக்கா அவ! ரூமுக்கு வந்தா, என்கிட்ட அந்தப் பேச்சே எடுக்கறதில்ல. நான்தான் பேசிட்டே இருக்கேன். விதிமுறை, உரிமை, அநியாயம்னு. அவ ஹெட்போன மாட்டிக்கிட்டுப் படிக்கறா. எழுத முடியாமப் போகலாம்னு தெரிஞ்சும் படிக்கறா.

அவ தனக்குன்னு எடுத்து, நீயும் படிடின்னு ஒருத்திக்கு மட்டும் அனுப்பினா. அந்த ஒருத்தி, சார் மானத்த வாங்கறேன் பாருன்னு, அவள ஒரு வார்த்த கேக்காமத் தூக்கி குரூப்ல போட்டா.

என்னக்கா அப்படிப் பாக்கறீங்க? டைப் பண்ணுங்க. போட்டது நான்தான்.