அருவிக்கு வேண்டிய கூந்தல்

கோந்து நன்றாக இறுக வெயில் வேண்டும், இன்ஸ்பெக்டர் ஐயா. திருத்தணியில் வெயிலுக்குப் பஞ்சமில்லை; ரசனைக்குத்தான்.

நான் டிராயிங் மாஸ்டர். பட்டணத்தில் ஒரு கலைச் சங்கம் ‘மனிதனும் இயற்கையும்: பல தேசப் பார்வை’ என்று கண்காட்சி அறிவித்தது. யுத்த காலத்தில் வர்ணம் ஏது? பலகையில் பொருள்களையே ஒட்டினேன். ஜப்பானுக்கு அந்த நாட்டுக் காகிதம், ஆந்திரத்துக்குத் தோல்பாவை, ஆப்பிரிக்காவுக்கு ஆமணக்கு விதை. தமிழ்நாட்டுக்கு ஓர் அருவி. அருவிக்கு நீண்ட கூந்தல் தேவைப்பட்டது. மலையில் மொட்டையடித்த முடி மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். எல்லாம் சாண் நீளம், பேன் வேறு.

அடுத்த வீட்டு நெசவாளி பங்காருவின் மனைவி கௌரியம்மாளுக்கு முழங்கால் வரை கூந்தல். மரியாதையாகத்தான் கேட்டேன்.

“அய்யே, இது முருகனுக்கு நேந்துகினது வாத்யாரே. ஜெயம்மாவுக்கு ஜுரம் வுட்டதும் மலையேறி முடி எறக்கிடுவேன்.”

பங்காரு தறியை விட்டு எழாமலே சிரித்தான். “கனகம்மாசத்திரத்துல ஜட்கா குதிர நிக்குதுங்க. அதைக் கேளுங்க, வால நீட்டும்.”

அவர்கள் குழந்தை ஜெயம்மாவுக்கு விட்டு விட்டுக் குளிர் ஜுரம். வாராவாரம் அரக்கோணம் போகிற நான்தான் கொயினா மருந்து வாங்கிவருவேன். யோசித்துப் பாருங்கள். ஜுரம் விட்டால் அந்தக் கூந்தல் மலையில் மூட்டையோடு மூட்டையாகிவிடும். விடாவிட்டால் நேர்த்திக்கடனே இல்லை. ஆகவே மருந்தை ரயில் ஜன்னல் வழியாகக் கொட்டினேன். வீட்டுக்கு வந்து சீசாவில் வேப்பிலைக் கஷாயம் நிரப்பினேன். கசப்பில் குறை வைக்கவில்லை. அதுவும் இயற்கைதானே.

“இந்த வாட்டி கசப்பு ஜாஸ்தியா கீதுங்க. நல்ல மருந்து” என்று கௌரியம்மாள் கும்பிட்டாள்.

தை மாதம் குழந்தை போய்விட்டது. கௌரியம்மாள் தன் கூந்தலைத் தானே அறுத்துக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தாள்.

“இனிமே சாமிக்கு எதுக்கு? நீங்க வச்சிக்கோங்க. கொயந்தைக்காக ரயிலேறி அலஞ்சீங்களே.”

அருவி பிரமாதமாக அமைந்தது. பட்டணத்தில் அதைக் கக்கூஸ் போகிற வழியில் மாட்டினார்கள். திறந்துவைத்த பிரமுகர் மூக்கைப் பொத்திக்கொண்டே ஒரு பார்வை பார்த்து, “உயிர் இல்லையே” என்றார். உயிரைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்?

இதற்குள் பங்காரு மிச்சச் சீசாவை அரக்கோணத்துக்கு எடுத்துப்போயிருக்கிறான்; அங்கே ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் ருசி பார்த்து, வெறும் வேப்பிலை என்று சொல்லிவிட்டார். ஆமாம், நான்தான் செய்தேன், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் கேட்ட அன்றே முடியைக் கொடுத்திருந்தால் அந்தக் குழந்தை இன்று ஓடி விளையாடிக்கொண்டிருக்கும். மூடநம்பிக்கை நம் நாட்டில் இன்னும் எத்தனை உயிரை வாங்கப்போகிறதோ.